அசதுல்லாவின் பெயரை நம்பி வாள் வாங்கலாமா?

பழைய இஸ்லாமிய வாள்களையும் கவசங்களையும் சேகரிக்கத் தொடங்கும் எண்ணத்தில் இருப்பதாகவும், ஹைதராபாத்தில் வணிகர் ஒருவர் காட்டிய வளைந்த வாளில் 'அசதுல்லா இஸ்ஃபஹானி' என்ற பெயர் பொன்னெழுத்தில் இருப்பதாகவும், அது ஈரானின் ஷா அப்பாஸ் காலத்தது என்று அவர் அடித்துச் சொல்வதாகவும் எழுதி, அதை வாங்கலாமா, இத்தகைய பொருள்களில் எதைப் பார்த்து முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தைக் கடைசியில் படியுங்கள் என்பதே என் விடை. முதலில் எஃகையும், அடுத்து அலகின் அமைப்பையும், அதன் பின் பிடியையும் பார்க்க வேண்டும். எளிதில் சேர்க்கக்கூடியது எது என்று பார்த்தால் முதலில் நிற்பது எழுத்துதான். அலகைப் புதிதாக அடித்துச் செய்வதைக் காட்டிலும் பழைய அலகில் ஒரு பெயரை வெட்டுவது மிகமிக எளிது.

அந்தப் பெயரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1588 முதல் 1629 வரை ஆண்ட முதலாம் ஷா அப்பாஸின் காலத்தில் இஸ்ஃபஹானில் அசதுல்லா என்ற கொல்லர் வாழ்ந்தார் என்பது மரபு. அவர் பெயரில் உலகெங்கும் கிடைக்கும் வாள்களோ ஒரு மனிதர் பல பிறவி எடுத்தாலும் செய்து முடிக்க முடியாத அளவுக்கு இருக்கின்றன. அவற்றில் காணப்படும் ஆண்டுக்குறிகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பரந்து கிடக்கின்றன. எழுத்தின் வடிவமும் வாளுக்கு வாள் மாறுகிறது. எந்த ஊர்த் தறியில் நெய்தாலும் 'காஞ்சிபுரம் பட்டு' என்று சொல்லி விற்பது போல, அந்தப் பெயர் தரத்தைக் குறிக்கும் முத்திரையாகிவிட்டது. பெரும்பாலும் அதற்கு மேலேயோ பக்கத்திலோ 'பந்தெ ஷாஹே விலாயத் அப்பாஸ்' என்ற தொடர் ஒரு சிறு சட்டத்துக்குள் இருக்கும். இறைநேசர்களின் அரசரான ஹஸ்ரத் அலியின் அடிமை அப்பாஸ் என்பது அதன் பொருள். அதுவும் அரசரின் கைவாள் என்பதற்குச் சான்றாகாது. சில அலகுகளில் நான்கு கட்டங்களாகப் பிரித்த சிறு சதுரம் ஒன்றும் தென்படும். பே, தால், வாவ், ஹே என்ற நான்கு எழுத்துகள் கட்டத்துக்கு ஒன்றாக இருக்கும். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைத் தரும் அப்ஜத் கணக்கில் அவற்றின் மதிப்பு 2, 4, 6, 8. காப்புச் சின்னமாகப் பொறிக்கப்பட்ட இதை ஈரானிய வாளிலும் காணலாம், இந்திய வாளிலும் காணலாம்.

ஆகவே உங்கள் வணிகர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அலகு மிக நல்ல எஃகாகவே இருக்கலாம். ஆனால் எழுத்தே இல்லாத அதே தரமுள்ள அலகுக்கு என்ன விலையோ அதைத் தாண்டி அந்தப் பெயருக்கென்று ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

எஃகுக்கு வருவோம். சேகரிப்பாளர்கள் தேடி அலையும் நீரலை போன்ற கோலம் கொண்ட எஃகை ஆங்கிலேயர் வூட்ஸ் என்றனர். ஈரானிலும் அரபு நாடுகளிலும் அடித்து வாளாக்கப்பட்ட அந்த எஃகின் கணிசமான பகுதி நம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருக்கப்பட்டது. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா ஹீத் சேலம் வட்டாரத்து முறையை விவரித்திருக்கிறார்: தேனிரும்புத் துண்டுகளுடன் ஆவாரங்குச்சிகளைச் சிறு மண்மூசையில் இட்டு, எருக்கு முதலியவற்றின் பச்சிலையால் மூடி, களிமண்ணால் வாயை அடைத்து, உலையில் ஏற்றித் துருத்தி ஊதுவார்கள். மூசை ஆறியதும் உள்ளே சிறு எஃகுக் கட்டி கிடைக்கும். இன்றைய தெலங்கானாவின் கோனசமுத்திரத்தில் இதே தொழில் நடந்தபோது, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஈரானிய வணிகர்கள் நேரில் வந்து தங்கி, கட்டிகளைச் சோதித்து வாங்கிச் சென்றிருக்கிறார்கள். எனவே இஸ்ஃபஹான் வாள் என்று நாம் வியக்கும் ஒன்றின் மூலப்பொருள் கோதாவரிக் கரைப் பக்கத்திலிருந்தோ கொங்கு நாட்டிலிருந்தோ போயிருக்க முழு வாய்ப்பு உண்டு.

அந்த எஃகில் கரியின் அளவு ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. மெதுவாக ஆறி, பின்பு குறைந்த வெப்பத்தில் திரும்பத் திரும்ப அடிக்கப்படும்போது இரும்புக் கார்பைடு துகள்கள் வரிசை வரிசையாகச் சேர்கின்றன. தாதுவில் இருந்த வனேடியம் போன்ற தனிமங்களின் மிகச் சிறு சுவடு இதற்குத் துணைபுரிகிறது என்பது 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த ஆய்வுகளின் முடிவு. மெருகிட்டு மென்மையான அமிலக் கரைசலைப் பூசினால் கரிய தரையில் வெளிர்சாம்பல் வரிகள் எழும். வரிகள் மெல்லியவையாக, அறுந்து அறுந்து, ஓடும் நீரின் மேற்பரப்பைப் போல் ஒழுங்கற்று இருக்க வேண்டும். சில அலகுகளில் அலகின் குறுக்கே ஏணிப்படி போன்ற பட்டைகள் சீரான இடைவெளியில் வரும்; ஈரானியர் இதைக் 'கிர்க் நர்துபான்', அதாவது நாற்பது படி, என்பார்கள். மிக உயர்ந்த தரமாக மதிக்கப்பட்டது இதுவே.

போலியைப் பிரித்தறிவது இங்கேதான் எளிதாகிறது. இருவேறு எஃகுத் தகடுகளை அடுக்கிப் பற்றவைத்து மடித்து அடித்த அலகில் கோடுகள் மரத்தின் ரேகைபோல் நீளமாக, அறாமல் ஓடும். இதுவும் பழைய, மதிப்புள்ள தொழில்நுட்பமே. துருக்கியிலும் இந்தியாவிலும் இப்படிச் செய்த அருமையான பழைய அலகுகள் இருக்கின்றன. கோடுகள் வெள்ளிபோல் பளிச்சென்றும், இடைவெளி கன்னங்கரேலென்றும் இருந்தால் மட்டும் விலகிவிடுங்கள். நிக்கல் கலந்த இக்கால எஃகைச் சேர்த்தால்தான் அவ்வளவு முரண் கிடைக்கும். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இத்தகைய அலகுகள் இன்று பெருமளவில் செய்யப்படுகின்றன. அவற்றுக்குப் பழைய பிடி ஒன்றைப் பொருத்தி, உப்புநீரில் வைத்துத் துருவேற்றிச் சந்தைக்குக் கொண்டுவருவோரும் உண்டு. கோலமே தெரியாத அலகு போலி என்று முடிவுகட்டவும் கூடாது. பல தலைமுறைகளாகத் துடைத்தும் தீட்டியும் வந்ததில் மேற்பரப்பின் கோலம் மங்கிப் போயிருக்கும்.

அடுத்தது அலகின் அமைப்பு. ஈரானின் ஷம்ஷீர் குறுகிய அலகு கொண்டது. நடுப்பகுதிக்கு மேல் ஆழமாக வளைந்து, முனை வரை சீராக ஒடுங்கும். பிடியைத் தொடும் இடத்திலிருந்தே கூர் தொடங்கும். நம் நாட்டுத் தல்வாரின் அலகு பெரும்பாலும் சற்று அகன்றது; பிடிக்கு அருகே இரண்டு மூன்று விரல்கடை அளவுக்குக் கூர் தீட்டாமல் விட்டிருப்பார்கள். துருக்கிக் கிலிஜின் முனைப்பகுதி திடீரென்று அகன்று, பின்புறத்திலும் கூர் பெற்றிருக்கும். இந்த மூன்றையும் கண்ணால் பிரித்தறியப் பழகிக்கொண்டால், அசதுல்லாவின் பெயரைச் சுமந்துகொண்டு, பிடியருகே கூர் தீட்டாத பகுதியோடும் வரும் வாள் இந்தியப் பட்டறையில் பிறந்தது என்பதை எழுத்தைப் படிக்காமலே சொல்லிவிடலாம். அதற்கு நேர்மாறானதும் உண்டு: உண்மையான ஈரானிய அலகில் இந்தியப் பிடி. முகலாயர், தக்காணச் சுல்தான்கள், ராஜபுத்திரர் எல்லோருமே ஈரானிய அலகை விரும்பி வாங்கித் தம் வழக்கப்படி பிடி பொருத்திக்கொண்டார்கள். அலகுக்கும் பிடிக்கும் நூறாண்டு இடைவெளி இருப்பது குறையே அல்ல. அதை மறைத்து ஒரே காலத்தது என்று விற்பதுதான் குறை.

ஐரோப்பிய அலகுகளும் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. தக்காணத்தில் அவற்றைப் 'ஃபிரங்கி' என்றே அழைத்தார்கள். அரிவாள் வடிவில் இரண்டு பிறைகள் எதிரெதிராக, ஓரத்தில் பற்களோடு பொறிக்கப்பட்டிருந்தால் இத்தாலி அல்லது ஜெர்மனி அலகு என்று பலர் துள்ளிக் குதிப்பார்கள். அந்த முத்திரையைக் காக்கேசியாவிலும் அரபு நாடுகளிலும் இந்தியாவிலும் தாராளமாக நகலெடுத்திருக்கிறார்கள் என்பதால் அதுவும் அசதுல்லாவின் பெயரைப் போன்றதே.

பிடியைப் பார்க்கும்போது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். பொன் வேலைப்பாடு இரண்டு விதம். பள்ளம் வெட்டி அதற்குள் பொற்கம்பியை அடித்து இறக்குவது ஒன்று. இரும்பின் மேற்பரப்பை முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் மெல்லிய பொற்கம்பியை வைத்து அடித்து ஒட்டவைக்கும் கோஃப்ட்கரி மற்றொன்று. பழைய கோஃப்ட்கரியில் பொன் தேய்ந்த இடங்களில் அந்த நுண்கீறல்கள் லென்ஸில் தெளிவாகத் தெரியும். உள்ளங்கை அழுந்தும் நடுப்பகுதியில் தேய்வு மிகுதியாகவும், விரல் படாத குழிவுகளில் பொன் அப்படியேயும் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் அது கையால் தேய்ந்ததாக இருக்க முடியாது. உதய்ப்பூரில் இந்தக் கலை இன்றும் உயிரோடு இருக்கிறது, அது பெருமைக்குரியதும்கூட. பழைய வெறும் பிடியில் சென்ற ஆண்டு பொன்வேலை ஏறியிருக்கலாம் என்பதையும் அதனாலேயே நினைவில் கொள்ள வேண்டும். தல்வாரின் பிடிக்குள் அலகின் வால் அரக்கு கலந்த பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இணைப்பில் பளபளக்கும் எப்பாக்சி தெரிந்தால் கேள்வி கேளுங்கள். நல்ல வணிகர் பழுதுபார்த்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுவார்.

கவசங்களைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் புதியவர்கள் மிகுதியாகப் பணத்தை இழப்பது இங்கேதான். உச்சியில் ஈட்டிமுனையும், முன்னால் மூக்குக் காப்பும், கழுத்தைச் சுற்றிச் சங்கிலி வலையும் தொங்கும் 'குலாஹ் கூத்' தலைக்காப்பு, வட்டக் கேடயம், முழங்கைக் காப்பு மூன்றும் ஒரே வேலைப்பாட்டுடன் தொகுதியாக விற்பனைக்கு வரும். சில தலைக்காப்புகளில் கொம்பும் அரக்க முகமும் இருக்கும். ஷா அப்பாஸின் வம்சமான சஃபவிகளின் 16-ஆம் நூற்றாண்டுப் போர்க்கவசம் என்று அறிமுகம் செய்வார்கள். இவற்றுள் மிகப்பல 19-ஆம் நூற்றாண்டில், கஜார் மன்னர் காலத்தில், அரசவை அணிவகுப்புக்கும் கர்பலா நிகழ்வை நடித்துக்காட்டும் தஃஸியா நாடகங்களுக்கும் ஐரோப்பியப் பயணிகளுக்கும் என்று செய்யப்பட்டவை. தகடு மெல்லியது, சித்திரங்கள் உளியால் செதுக்கப்படாமல் அமிலத்தால் அரிக்கப்பட்டவை. அழகியவை, பழையவை, சேகரிக்கத் தக்கவையும்கூட. நானே அவற்றை விரும்பிப் பார்ப்பவன். போர்க்களம் கண்டவை என்ற விலைக்கு மட்டும் வாங்கக் கூடாது.

இதற்கு எளிய சோதனை சங்கிலி வலையில் இருக்கிறது. போருக்கான வலையில் ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைக் கோத்துச் செல்லும். அதன் இரு முனைகளும் தட்டையாக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, துளையிட்டு, நுண்ணிய ஆணி அடித்து மூடப்பட்டிருக்கும். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு வளையத்திலும் அந்தச் சிறு குமிழ் எழுந்து நிற்கும். இந்திய வலைகள் சிலவற்றில் வளையத்தின் நடுவே குறுக்குச் சட்டம் வைத்து, கிரேக்க எழுத்தான தீட்டாவைப் போல் செய்திருப்பார்கள். அணிவகுப்புத் தலைக்காப்பின் வலையிலோ கம்பியை வளைத்து முனைகளை வெறுமனே சேர்த்திருப்பார்கள். விரலால் இழுத்தாலே சில வளையங்கள் வாய் திறக்கும். விதிவிலக்குகள் இருக்கின்றன என்றாலும், பத்தில் ஒன்பது தடவை இந்த ஒரு சோதனையே போதும்.

எழுத்துகளும் முத்திரைகளும் உண்மையிலேயே பேசுவது கவசங்களில்தான். இஸ்தான்புல்லில் ஹாகியா ஐரீன் என்ற பழைய தேவாலயத்தைத் துருக்கியின் உஸ்மானியர் ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். அங்கு சேர்ந்த தலைக்காப்புகளிலும் கவசங்களிலும் உஸ்மானியர் தம் முன்னோராகக் கருதிய காயி குலத்தின் குறி என்று சொல்லப்படும் சிறு முத்திரை குத்தப்பட்டது. தலைப்பாகையின் மேல் அணியும் அளவுக்குப் புடைத்த, வரிவரியான 15-ஆம் நூற்றாண்டுத் தலைக்காப்புகளில் இதை அடிக்கடி காணலாம். 1517-இல் கெய்ரோ உஸ்மானியர் வசமான பிறகு அதுவரை எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் ஆயுதங்கள் பலவும் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தன. அலெக்சாந்திரியா கிடங்கில் வைக்கப்பட்டது என்று அரபியில் பொறித்த ஐரோப்பிய வாள்கள்கூட இருக்கின்றன. நமக்கு நெருக்கமான சான்று வேண்டுமானால் ஆதோனிக் கவசங்களைச் சொல்லலாம். ஔரங்கசீப்பின் படைத்தலைவராக இருந்த பிகானேர் அரசர் அனூப் சிங் 1689-இல் ஆந்திரத்தின் ஆதோனிக் கோட்டையைக் கைப்பற்றியபோது அங்கிருந்த தக்காணக் கவசங்களைப் பிகானேருக்குக் கொண்டுபோனார். அந்தச் செய்தியைத் தகடுகளின் மேல் தேவநாகரியில் புள்ளிபுள்ளியாகக் குத்தி எழுதி வைத்தார்கள். இன்று அவற்றுள் சில நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வரை சென்றிருக்கின்றன. கலைநயம் சிறிதும் இல்லாத, கணக்குப்பிள்ளை எழுதியது போன்ற இத்தகைய இருப்புக்குறிகளைப் பொன்னெழுத்துகளைக் காட்டிலும் நான் மதிக்கிறேன். வாங்குபவரை மயக்கும் நோக்கம் அவற்றில் இல்லை. குர்ஆனின் ஆயத்துல் குர்ஸி வசனமோ, 'நஸ்ரும் மினல்லாஹி வஃபத்ஹுன் கரீப்' (இறைவனின் உதவியும் அண்மையில் வெற்றியும்) என்ற வசனமோ தலைக்காப்பின் விளிம்பைச் சுற்றி இருப்பது எல்லாக் காலத்துக்கும் பொதுவானது. அதைக் கொண்டு காலம் கணிக்க இயலாது. இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டு இருந்தால், கி.பி. ஆண்டை அறிய அதை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டுங்கள். 1220 என்றிருந்தால் ஏறத்தாழ 1805 கிடைக்கும். துருக்கியின் யத்தகான் என்ற வாள் வகையில் உரிமையாளர் பெயரும் ஆண்டும் சேர்ந்தே இருப்பது வழக்கம் என்பதால், காலத்தைக் கற்றுக்கொள்ள அவை நல்ல பாடப்பொருள்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2023 மே மாதம் லண்டனில் திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் ஏறத்தாழ 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனதைக் கேட்டிருப்பீர்கள். ஐரோப்பிய அலகுகளின் அமைப்பைப் பின்பற்றி இந்தியாவில் செய்த அலகு அது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் பிரிட்டிஷ் ஜெனரல் டேவிட் பேர்டுக்கு அளிக்கப்பட்டது என்பதற்குத் தொடர்ச்சியான சான்று இருந்ததே அந்த விலைக்குக் காரணம். அந்தச் செய்திக்குப் பின் திப்புவின் புலிக்கோட்டுச் சின்னம் வெட்டிய வாள்கள் சந்தையில் தென்பட்டால் வியப்பதற்கில்லை. கைமாறி வந்த வரலாறு தாளில் இல்லாவிட்டால், எந்த அரசரின் பெயருக்கும் விலை கொடுக்க வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். மொராக்கோவிலிருந்து பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ வரை பரந்த இந்தத் துறையை முழுவதுமாகச் சேகரிக்க எவராலும் முடியாது. இந்தியாவில் இருந்துகொண்டு தொடங்குவோர் தக்காணம், முகலாயம் இரண்டோடும் நின்றுகொள்வது நல்லது. பொருளும் அருகே கிடைக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க அருங்காட்சியகங்களும் இருக்கின்றன. ஹைதராபாத்தின் சாலார் ஜங், டெல்லியின் தேசிய அருங்காட்சியகம் இரண்டின் ஆயுதக் கூடங்களிலும் ஓரிரு முழு நாள்களைச் செலவிடுங்கள். சென்னை எழும்பூரில் இருக்கும் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இஸ்லாமிய அரசுகளுடையவை அல்ல என்றாலும், கட்டாரி என்ற குத்துவாளில் உடைந்த ஐரோப்பிய அலகுகளை எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதை அறிய அவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். முதல் வாங்கலுக்கு எழுத்தும் பொன்னும் இல்லாத, அலகு நேர்மையாக இருக்கும் எளிய தல்வார் ஒன்று போதும்.

சட்டத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். தொன்மைப் பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972-இன்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள் தொன்மைப் பொருள். அதைத் தனியார் எவரும் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணோடு ரசீது கேட்டு வாங்குங்கள். ஆயுதச் சட்டம், 1959-இன்கீழ் ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுகளுக்கு, அரசு அறிவித்த பகுதிகளில் உரிமம் தேவைப்படலாம் என்பதால் உங்கள் மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. வெளிநாட்டு ஏலத்தில் எடுக்க நினைத்தால் பணம் கட்டுவதற்கு முன்பே சுங்க முகவரிடம் பேசுங்கள். யானைத்தந்தப் பிடி எவ்வளவு பழையதாயினும் இந்தியாவில் விற்கவும் வாங்கவும் கூடாது. பிடியில் தந்தம் போன்ற பொருள் இருந்தால், அது ஒட்டக எலும்பா, வால்ரஸ் என்ற பனிக்கடல் விலங்கின் தந்தமா, யானைத் தந்தமா என்று உறுதியாகும் வரை கைவைக்காதீர்கள்.

வாங்கிய பின் செய்ய வேண்டியதைக் காட்டிலும் செய்யக் கூடாதது அதிகம். உப்புத்தாளும் பித்தளைப் பாலிஷும் அலகின் அருகே வரக் கூடாது. ஐந்து நிமிட ஆர்வத்தில் இருநூறு ஆண்டு மேற்பரப்பு போய்விடும். செந்துரு இருந்தால் மெல்லிய எண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைத்தெடுங்கள். கறுத்து உறைந்த பழைய துருவை விட்டுவிடுங்கள். கோலத்தை வெளிக்கொணர நீங்களே ஃபெரிக் குளோரைடு பூசிப் பார்ப்பதைப் பல அலகுகளைக் கையாண்ட பின்னர் வைத்துக்கொள்ளலாம். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அலகை உறைக்குள் வைத்தே சேமிப்பது பெரும் தவறு, ஏனெனில் தோல் போர்த்திய மரவுறை ஈரத்தை இழுத்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். நுண்மெழுகு பூசிய அலகையும் உறையையும் தனித்தனியாக, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய அலமாரியில் வையுங்கள். வெறும் கையால் அலகைத் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு மறுநாளே விரல்ரேகையாகத் துருப்பிடித்து நிற்கும்.